சொடுக்கு இல்லாத படம்

அந்தப் படத்தில் செத்துப்போகிற அப்பா நான்தான். படம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே இருமி இருமிக் கட்டிலில் சாய்ந்துவிடுவேன். அதற்கப்புறம் கடைசிவரை நான் ஒரு மண்மேடு. என்னோடு சண்டை போட்டுக்கொண்டு நகரத்துக்குப் போன மகள், என்னைப் புதைத்த மறுநாள் வந்து அந்த மேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, நான் வந்துட்டேன்” என்பாள். அதுதான் படத்தின் உயிர். அதை எடுத்த அன்று, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பாறை மறைவில் நின்று நானும் அழுதேன். தன் சாவுக்குத் தானே அழுகிற வாய்ப்பு எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

நடிப்பு என் தொழில் இல்லை. தலைநகர் விண்ட்ஹுக்குக்கும் எங்கள் ஊர் கோரிக்சாஸுக்கும் இடையே மினிபஸ் ஓட்டுகிறவன். பெயர் சகரியாஸ் கவாசெப். ஸ்டாண்டில் சகி மாமா என்றால்தான் தெரியும். படமெடுத்த மக்ரீட்டா உய்ராஸ் எங்கள் கோரிக்சாஸ் பெண். கல்லூரிக்கு என் வண்டியில்தான் போய்வந்தாள். ஒருநாள் முன் சீட்டில் உட்கார்ந்து ரோட்டைப் பார்க்காமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

“என்ன பொண்ணே, மூஞ்சியில ஏதாச்சும் ஒட்டியிருக்கா?”

“இல்ல மாமா. நீங்க செத்துக் கிடந்தா எப்படி இருப்பீங்கன்னு பாக்கறேன்.”

வண்டியை ஓரங்கட்டிவிட்டேன். அப்புறம்தான் படம் எடுக்கிற சங்கதியைச் சொன்னாள். இங்கிலீஷில் இல்லை, ஆப்பிரிக்கான்ஸில் இல்லை, வீட்டில் பேசுகிற எங்கள் கோய்கோய் பாஷையில். “நம்ம பாஷையில படமா? யாரு பாப்பா?” என்று கேட்டேன். “முதல்ல நீங்க பாப்பீங்க இல்ல?” என்றாள். சரி என்று வண்டியை எடுத்தேன்.

படத்தை இழுத்துப் பிடித்து முடித்தாள். மகளாக நடித்தது சில்வானா கோரெசெஸ். விண்ட்ஹுக்கின் ஓரத்திலிருக்கிற கட்டுத்துராவில் முடி பின்னுகிற கடை வைத்திருப்பவள், பெரிய கண், அதைவிடப் பெரிய வாய். சத்தம் பதிவு செய்தவன் எலிஃபாஸ் ஹோயெப். எந்நேரமும் காதில் எதையாவது மாட்டிக்கொண்டு திரிகிறவன், கூப்பிட்டால் திரும்பமாட்டான், தோளில் தட்டவேண்டும்.

படம் எங்கெங்கோ போய், கடைசியில் ஒரு வெளிநாட்டு நிறுவனத்தின் கண்ணில் பட்டது. வீட்டிலிருந்தபடியே உலகமெங்கும் பார்க்கிற மாதிரிப் படங்களைத் தருகிற நிறுவனம். ஆப்பிரிக்காவுக்கு என்று ஜோகன்னஸ்பர்க்கில் ஆபீஸ் வைத்திருந்தார்கள். அங்கிருந்து நியோகாபி என்ற கென்யாக்காரப் பெண் விண்ட்ஹுக்குக்கு வந்தாள். ஹோட்டலில் பேச்சு. மக்ரீட்டாவை இறக்கிவிடப் போன என்னையும் உள்ளே உட்காரவைத்துவிட்டார்கள்.

“படம் எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு” என்றாள் நியோகாபி. “மேல இருக்கறவங்க ஒண்ணு கேக்கறாங்க. இதையே இங்கிலீஷ்ல திரும்ப எடுத்தா என்ன?”

மக்ரீட்டா என்னைக் காட்டினாள். “இவரை இங்கிலீஷ்ல சாகச் சொல்லுங்க பாப்போம்.”

நியோகாபி சிரித்துவிட்டாள். அன்று சாயங்காலம்வரை பேசினார்கள். இங்கிலீஷ் குரல் போட்ட படம் ஒன்றும் இருக்கும். ஆனால் முதலில் வருவது எங்கள் பாஷைப் படம், கீழே எழுத்து ஓடும் என்று முடிவானது. கையெழுத்தாயிற்று. வெளியே வந்ததும் மக்ரீட்டா நடைபாதையிலேயே ஓர் ஆட்டம் போட்டாள். இனி ஒரு கவலையும் இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

வெளியீட்டுக்கு நாள் குறித்தார்கள். ஒரு சனிக்கிழமை ராத்திரி உலகம் பூராவும் வருகிறது. அன்று மத்தியானமே கோரிக்சாஸ் பள்ளிக்கூட மண்டபத்தில் எங்கள் சனத்துக்கு முதல் காட்சி. அதற்கு முந்தின திங்கட்கிழமை, நிறுவனத்தார் தங்கள் ஊரில் வைத்து மெருகேற்றிய படம் எலிஃபாஸுக்கு வந்துசேர்ந்தது. கட்டுத்துராவில் அவன் அறையில் கூடினோம். ரொட்டியும் சுட்ட இறைச்சியும் நான் வாங்கிப் போயிருந்தேன்.

படம் ஓட ஆரம்பித்ததும் எலிஃபாஸ் பூரித்துப்போனான். “காத்தே கேக்கல பாருங்க மாமா! எவ்வளவு சுத்தம்! இரைச்சலை எடுத்துடவான்னு கேட்டாங்க, தாராளமா எடுங்கன்னு சொன்னேன்.”

சுத்தமாகத்தான் இருந்தது. ஆனால் ஏதோ இடித்தது. பக்கத்து வீட்டுக்காரியாக வருகிற அம்மாள் வாசலில் நின்று வணக்கம் சொல்கிறாள். தூக்கக் கலக்கத்தில் பேசுகிற மாதிரி இருந்தது. நான் இருமுகிறேன், தண்ணீர் கேட்கிறேன். என்ன கேட்கிறேன் என்று எனக்கே புரியவில்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். சாவு முடிந்து மண்மேடு வந்தது. சில்வானா வந்து உட்கார்ந்தாள். கண்ணில் நீர் திரண்டது. வாயைத் திறந்தாள்.

“ஆடே, நான் வந்துட்டேன்.”

எங்கள் பாஷையில் பாதிச் சொற்கள் நாக்குச் சொடுக்கில்தான் தொடங்கும். பரிதாபப்பட்டு உச்சுக் கொட்டுவார்களே, அது ஒன்று. கழுதை வண்டியை விரட்டக் கன்னத்தோரம் அடிப்பது ஒன்று. அண்ணத்தில் அடிப்பது இரண்டு வகை. மற்றவர்களுக்கு அதெல்லாம் வெறும் சத்தம், எங்களுக்கு அது எழுத்து. கன்னத்தோரம் சொடுக்கி ‘கூ’ என்று தொடங்கினால் அப்பா. சொடுக்கை எடுத்துவிட்டு வெறும் ‘கூ’ என்றால் கேட்கிறவன் காதில் ஆடு என்றுதான் விழும்.

எனக்கு அடக்கமுடியாமல் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே திரும்பினால் மக்ரீட்டா உறைந்துபோய் உட்கார்ந்திருந்தாள்.

எலிஃபாஸ் படத்தைப் பின்னுக்கு ஓட்டி, முன்னுக்கு ஓட்டி, காதுக்கருவியை அழுத்திப் பிடித்துக் கேட்டான். “மெஷின் வேலை” என்றான், குரல் இறங்கிப்போய். “சப்புக் கொட்டற சத்தம், எச்சில் முழுங்கற சத்தம், இதெல்லாம் தானா எடுத்துடற மெஷின் இருக்கு. நம்ம சொடுக்கையும் வாய்ச் சத்தம்னு எடுத்துப்போட்டிருக்கு. எல்லாத்தையும். ஒண்ணு பாக்கியில்லாம.”

“கீழ ஓடற எழுத்து சரியாத்தானே இருக்கு?” என்றாள் சில்வானா.

“அதான் ஆபத்து” என்றாள் மக்ரீட்டா. “படிச்சுப் பாக்கறவங்க யாருக்கும் ஒண்ணும் தெரியாது. நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போயிடுவாங்க. கேட்டுப் பாக்கறவன் நாம மட்டும்தான்.”

அன்றைக்கே நிறுவனத்துக்கு எழுதினாள். மறுநாள் பதில் வந்தது. ‘ஒலியின் தரம் எங்கள் பரிசோதனையில் மிகச் சிறப்பாக வந்துள்ளது. உங்கள் கருத்துக்கு நன்றி.’ அவ்வளவுதான்.

அதே செவ்வாய்க்கிழமை, அந்த மண்மேட்டுக் காட்சியோடு டிரெய்லர் வெளியே வந்துவிட்டது. நான் வண்டியை ஸ்டாண்டில் போட்டுவிட்டுக் கதவைத் திறக்கிறேன், ஒரு பயல் எதிரிலிருந்து “ம்ம்மே” என்றான். இன்னொருவன் புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்து நீட்டினான். “என்ன மாமா, உங்க படத்துல எல்லாருக்கும் பல்லு கொட்டிப்போச்சா?” என்றான் டிக்கெட் போடுகிறவன். “இல்ல, வெள்ளைக்காரன் காசு குடுத்தா நாக்கையும் கழட்டி வச்சிடணுமா?”

முன்னதெல்லாம் விளையாட்டு. கடைசியாகச் சொன்னது விளையாட்டில்லை. வண்டியை எடுத்தேன். சுற்றி நின்றவர்கள் அவன் சொன்னதற்குச் சிரிக்கவில்லை, அதுதான் எனக்கு உறைத்தது.

புதன்கிழமை நியோகாபியை வீடியோவில் பிடித்தார்கள். சில்வானாவின் கடையில், பின்னிக்கொண்டிருந்த பெண்களை எழுப்பி அனுப்பிவிட்டு, மடிக்கணினியைக் கண்ணாடி முன்னால் வைத்தோம். மக்ரீட்டா பொறுமையாக விளக்கினாள். நியோகாபி நெற்றியைச் சுருக்கினாள்.

“எனக்குப் புரியல மக்ரீட்டா. எந்தச் சத்தம் இல்லைங்கறே?”

“சொல்றேன், கேளுங்க. இது அப்பா.” சொல்லிக் காட்டினாள். “இது ஆடு.” அதையும் சொல்லிக் காட்டினாள். “வித்தியாசம் தெரியுதா?”

நியோகாபி கொஞ்சம் யோசித்தாள். “ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்குது.”

மக்ரீட்டா மறுபடி சொன்னாள். சத்தமாகச் சொன்னாள். சில்வானா சொன்னாள். நானும் நாக்கைச் சொடுக்கிச் சொடுக்கிச் சொன்னேன். கண்ணாடியில் எங்களைப் பார்க்க எனக்கே கண்றாவியாக இருந்தது.

“மன்னிச்சிடு, எனக்கு உண்மையாவே வித்தியாசம் கேக்கல” என்றாள் நியோகாபி. “இங்கிலீஷ் குரல் போட்டதுல உனக்கு வருத்தம்னு தெரியும். ஆனா வெளியீட்டுக்கு மூணு நாள் இருக்கறப்ப இதுக்காக நான் மேல போய் நிக்க முடியாது. நாளைக்கு நேர்ல வரேன், பேசலாம்.” முகம் மறைந்துவிட்டது.

எலிஃபாஸ் அப்போதுதான் தலையில் அடித்துக்கொண்டான். “அய்யோ! இந்த வீடியோ காலும் அதே வேலையைத்தான் செய்யும். பின்னாடி கேக்கற இரைச்சலைத் தானா அமுக்கும். நாம சொடுக்கச் சொடுக்க அது அமுக்கியிருக்கு. அந்தம்மா காதுல நாம எல்லாருமே ஆடு ஆடுன்னுதான் கத்தியிருக்கோம்!”

திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தார்கள், எடுக்கவில்லை.

சில்வானா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். “நான் ஒண்ணு சொல்லட்டா? கோவிச்சுக்காதே மக்ரீட்டா. கோரிக்சாஸ்ல நம்மகிட்ட இருக்கற பழைய காப்பியைப் போடுவோம். அதுல சொடுக்கு இருக்கு, காத்தும் இருக்கு, பரவாயில்ல. நம்ம சனம் சந்தோஷமாப் போகும். வெளிய போறது போகட்டும்.”

“வீட்டுக்கு ஒரு படம், ஊருக்கு ஒரு படமா?”

“ஆமா. என்ன தப்பு? என் மூஞ்சி உலகம் பூரா தெரியப்போகுது. எனக்கு இன்னொரு தடவை இது வருமா? உனக்கு வரும். நீ படிச்சவ, இன்னொரு படம் எடுப்பே. நான் திரும்ப முடி பின்னணும்.”

“நம்ம பிள்ளைங்க போன்ல பாக்கப்போறது எதை சில்வானா? கோரிக்சாஸ் மண்டபத்துல ஓடறதையா, இதையா?”

“அதுக்காக நிறுத்திடுவியா? நிறுத்த முடியுமா உன்னால? கையெழுத்துப் போட்டாச்சு!”

சில்வானா சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. எனக்கு யார் பக்கம் பேசுவதென்று தெரியவில்லை. வண்டியில் சண்டை வந்தால் இரண்டு பேரையும் தனித்தனி சீட்டில் உட்காரவைப்பேன். இங்கே அதுவும் முடியாது. “நாளைக்கு அந்தப் பொண்ணை நான் ஏர்போர்ட்ல இருந்து கூட்டி வரேன். வரவங்க வாங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வியாழக்கிழமை காலையில் சில்வானா வரமாட்டாள் என்றே நினைத்தேன். அவள்தான் முதல் ஆளாக ஸ்டாண்டில் நின்றாள், கண் வீங்கியிருந்தது.

“என்னம்மா?”

“ஜெனிட்டா, மாமா.” அவளுடைய சின்ன மகள். “டிரெய்லரை நூறு தடவை பாத்திருக்கா. நேத்து சாயங்காலம் பொம்மையைப் புதைச்சு வச்சு, பக்கத்துல உக்காந்து, என்னை மாதிரியே மூஞ்சியை வச்சுக்கிட்டு, ‘ஆடே, நான் வந்துட்டேன்’ங்கறா. அப்படி இல்லடி, அப்பான்னு சொல்லுன்னா, ‘நீ அப்படித்தானேம்மா சொன்னே, படத்துல அப்படித்தான் பேசணும்’ங்கறா. என் வாயால சொன்னேன்னு சொல்றா மாமா.”

நான் கதவைத் திறந்துவிட்டேன். ஏறி உட்கார்ந்துகொண்டாள். மக்ரீட்டா வந்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

விமானம் இறங்கி நியோகாபி சின்னப் பெட்டியோடு வெளியே வந்தாள். சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருப்பாள் போல, தோளெல்லாம் விறைத்திருந்தது. மக்ரீட்டா விறைப்புக்கு மேல் விறைப்பு. ஊரை நோக்கி மலைகளுக்கு நடுவே வண்டி போகிறது. அந்த நேரம் பார்த்துக் குரங்குக் கூட்டம் ஒன்று ரோட்டைக் கடந்தது. பிரேக் போட்டேன். பின்னாலிருந்து சில்வானா என்னைப் பிடிபிடியென்று பிடித்தாள், எங்கள் பாஷையில்: கண்ணைப் பொடனியில் வைத்துக்கொண்டா ஓட்டுகிறாய், பெண்டாட்டி உனக்கு இன்னும் சோறு போடுகிறாளா என்கிற வகையில். நான் திருப்பிக் கொடுத்தேன். மக்ரீட்டா இடையில் புகுந்து இருவரையும் திட்டினாள். மூன்று வாயும் சொடுக்கிய சொடுக்கில் வண்டியே படபடவென்றது.

நியோகாபி மெல்லத் திரும்பினாள். “இதென்ன சத்தம்?”

“எது?”

“இப்ப நீங்க எல்லாரும் வாயில போட்டீங்களே. டக், டக்குன்னு.”

சில்வானாதான் முன்னால் சாய்ந்து சொன்னாள்: “அதைத்தாங்க துடைச்சுட்டீங்க.”

நியோகாபிக்கு முதலில் பிடிபடவில்லை. சில்வானா விடவில்லை. அப்பா என்றாள், ஆடு என்றாள். அவள் முகத்துக்கு அருகில், ஒருதரம் இல்லை, பலதரம். வண்டிக்குள் அமுக்குவதற்கு எந்த மெஷினும் இல்லை. நியோகாபி தானும் சொல்லிப் பார்த்தாள். சொடுக்கு வந்தது, சொல் வரவில்லை. சொல் வந்தபோது சொடுக்கு காணாமல்போனது. “அய்யய்யோ” என்றாள். பிறகு மடிக்கணினியை எடுத்து, காதுக்கருவியை மாட்டிக்கொண்டு அந்த மண்மேட்டுக் காட்சியைப் போட்டாள். பழையதை ஒருதரம், புதியதை ஒருதரம் பார்த்தாள். பார்க்கப் பார்க்க முகம் மாறியது.

“பழசுல இது இருந்திருக்கு. காத்தோட காத்தா எதுவோ இடிக்குதுன்னு நினைச்சுட்டேன்” என்றாள். “அது பேச்சுன்னு எனக்குத் தோணவே இல்ல.”

காதுக்கருவியைக் கழற்றி, “எங்கம்மா பேரை ஏர்போர்ட்டுல ஒருத்தன் தப்பாக் கூப்பிட்டாலே நான் சண்டைக்குப் போவேன்” என்றாள், யாருக்கென்றில்லாமல். “வண்டியை நிறுத்துங்க.”

ஒரு முள்மரத்து நிழலில் நிறுத்தினேன். இறங்கிப்போய்ப் போன் பேசினாள். கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் நின்றுகொண்டு பேசினாள். அப்புறம் நடந்துகொண்டு பேசினாள். ஒரு தடவை கையை ஓங்கி யாரையோ அறைகிற மாதிரி காற்றில் வீசினாள். நடுவில் ஒருமுறை போனை வாயருகே பிடித்து அந்தச் சொல்லைச் சொல்ல முயல்வது வாயசைவில் தெரிந்தது. எலிஃபாஸ் இருந்திருந்தால் அழுதிருப்பான்.

“திட்டறா” என்றாள் சில்வானா.

“கெஞ்சறா” என்றாள் மக்ரீட்டா.

வெகுநேரம் கழித்துத் திரும்பி வந்து, கதவைச் சாத்தி, தண்ணீர் கேட்டாள். பாட்டிலைக் கொடுத்தேன். குடித்து முடித்த பிறகுதான் பேசினாள்.

“சனிக்கிழமை வெளிய போகாது. ரெண்டு வாரம் தள்ளியாச்சு. டிரெய்லரை இன்னைக்கே எடுத்துடுவாங்க. இங்கிலீஷ் குரல் போட்டதை மட்டும் முதல்ல விட்டுடலாம்னு சொன்னாங்க, அதை ஒத்துக்கல. ரெண்டும் ஒண்ணாத்தான் போகும், இல்லன்னா போகாது. சரியா?”

மக்ரீட்டா தலையாட்டினாள். தலையாட்டிக்கொண்டே இருந்தாள், நிறுத்தத் தெரியாத மாதிரி. பிறகு நியோகாபியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சில்வானா என் முதுகில் ஓங்கி ஓர் அறை விட்டு, “ஓட்டுங்க மாமா!” என்றாள்.

ஆனாலும் அதோடு முடியவில்லை. மெஷினை நிறுத்திவிட்டுச் செய்யலாம் என்றால், காற்றும் எச்சில் சத்தமும் திரும்ப வந்துவிடும். எது சொடுக்கு, எது எச்சில் என்று அங்கே இருக்கிறவர்களுக்குத் தெரியாது; காதால் கேட்டுச் சொல்ல ஆள் வேண்டும். வெள்ளிக்கிழமை விடிந்ததிலிருந்து எலிஃபாஸும் சில்வானாவும் அவன் அறையில் உட்கார்ந்தார்கள். இந்தமுறை வீடியோ காலில் இரைச்சல் அமுக்குவதை எலிஃபாஸ் மறக்காமல் அணைத்திருந்தான். அந்தப் பக்கம், கடலுக்கு அப்பால், ஓர் இன்ஜினியர். ஒவ்வோர் இடமாக ஓட்டுவார். “இது?” என்பார். “சொல்” என்பாள் சில்வானா. “இது?” “சகி மாமா எச்சில் முழுங்கறாரு, எடுத்துடுங்க.” “இது?” “அது சொல்லுய்யா, அதைத் தொடாதே!”

மத்தியானம் ரொட்டி கொண்டுபோய்க் கொடுத்தபோது எட்டிப்பார்த்தேன். எனக்குத் தெரிந்து சில்வானா ஓரிடத்தில் இத்தனை நேரம் உட்கார்ந்ததில்லை. அந்த இன்ஜினியர் தானே சொடுக்க ஆரம்பித்திருந்தார். “எப்படி?” என்று பெருமையாகக் கேட்டார். “நல்லாத்தான் இருக்கு” என்றாள் சில்வானா. “கழுதை கண்டிப்பா நகரும்.”

முடித்த படம் சனிக்கிழமை வந்து சேர்ந்தது. விடியற்காலையில் எலிஃபாஸ் அதை ஒரு டிஸ்கில் ஏற்றிக்கொண்டு ஓடி வந்து வண்டியில் ஏறினான். முழுதாக ஓட்டிப் பார்க்க நேரமில்லை. பழைய காப்பியும் அவன் பையில் இருந்தது, எதற்கும் இருக்கட்டுமென்று. கோரிக்சாஸ் வரைக்கும் டிஸ்கை மடியில் வைத்து இரு கையாலும் மூடிக்கொண்டே வந்தான். நியோகாபியும் வந்தாள்.

மண்டபத்தில் ஜன்னல்களுக்குப் போர்வை கட்டி இருட்டாக்கியிருந்தார்கள். நாற்காலி போதாமல் வீட்டிலிருந்து தூக்கிவந்திருந்தார்கள். நீலமும் பச்சையும் வெள்ளையுமாகப் பெண்கள் நீள உடுப்பில் வந்து முன்வரிசையை அடைத்துக்கொண்டார்கள். டிரெய்லர் பார்த்தவர்கள் பாதிப்பேர். பின்னாலிருந்து ஒருவன் “ம்ம்மே” என்றான். நான் திரும்பவில்லை. என் மனைவி ரெனாட்டே திரும்பினாள். அவன் அடங்கிவிட்டான்.

விளக்கணைந்தது. முதல் காட்சியில் பக்கத்து வீட்டுக்காரி வாசலில் வந்து நின்றாள். வாய் திறந்து வணக்கம் சொன்னாள். சொடுக்கு அண்ணத்தில் அடித்து, முழுசாக, ஈரமாக, பக்கத்தில் நின்று சொல்வதுபோல வந்து விழுந்தது. முன்வரிசைப் பெண்கள் எல்லோரும், திரையென்றும் பார்க்காமல், ஒரே குரலில் பதில் வணக்கம் சொன்னார்கள். மண்டபமே சிரித்தது. எனக்குப் பக்கத்தில் எலிஃபாஸ் ‘ஹப்பா’ என்று மூச்சு விட்டான். ஆனால் கண்ணை மூடியபடியே இருந்தான். படம் முடிகிறவரை அவன் திரையைப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒவ்வொரு சொல்லாகக் காதில் வாங்கி, தலையாட்டி, வாங்கி, தலையாட்டி.

நான் செத்தேன். ரெனாட்டே என் விலாவில் இடித்து, “இப்படியா வாயைப் பொளந்துக்கிட்டுச் சாவாங்க?” என்றாள். ஆனால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மண்மேடு வந்தது. சில்வானா வந்து உட்கார்ந்தாள். மக்ரீட்டா சுவரோரம் நின்றிருந்தவள், நியோகாபியின் முழங்கையை இறுக்கினாள்.

“அப்பா, நான் வந்துட்டேன்.”

ஒருவரும் சிரிக்கவில்லை. பிறகு முன்வரிசையில் வயதான ஓர் அம்மாள், மெல்ல, தனக்குத்தானே பேசுகிற மாதிரி, “இப்ப வந்து என்னடி பண்றது” என்று சொல்லி விசும்பினாள். அவ்வளவுதான், மண்டபம் முழுக்க மூக்கு உறிஞ்சுகிற சத்தம். பின்னால் ‘மே’ என்றவனும் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன். எனக்கு என் சாவைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

முடிந்து விளக்குப் போட்டதும் மக்ரீட்டாவைத் தூக்காத குறைதான். சில்வானாவைச் சுற்றிப் பெண்கள் கட்டிக்கொண்டு விடவில்லை. அந்தக் களேபரத்துக்கு நடுவே ஓர் ஆள் நியோகாபியிடம் போய், “ஏம்மா, உங்க மெஷினை யாருகிட்டயும் கேக்காம ஓட்டிட்டீங்களா?” என்று கேட்டான். அவள் மறைக்கவில்லை. “ஆமாங்க. காத்தை எடுக்கத்தான் கேட்டாங்க, வாய்ச் சத்தத்தைக் கேக்காமத்தான் எடுத்துட்டாங்க. இனிமே கேப்பாங்க” என்றாள். அவன் அவளுக்கு ஒரு தட்டில் ஆட்டிறைச்சியும் மக்காச்சோளக் களியும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனான்.

இரண்டு வாரம் கழித்துப் படம் உலகமெங்கும் வெளியானது. நிறையப் பேர் இங்கிலீஷ் குரலில்தான் பார்த்தார்களாம். மக்ரீட்டா அதை வருத்தமில்லாமல்தான் சொன்னாள், கொஞ்சம் வருத்தம் இருந்திருக்கும். கலஹாரிப் பக்கத்து ஆட்கள் அவர்களுடைய பாஷையில் எடுத்த படம் ஒன்று நிறுவனத்துக்கு வந்திருக்கிறதாம், அதிலும் சொடுக்கு உண்டாம். மெஷினைப் போடுமுன் யாரிடம் கேட்பது என்று எலிஃபாஸுக்குப் போன் செய்திருக்கிறார்கள். “அவங்க பாஷை எனக்குத் தெரியாது. அவங்க ஆளையே கூப்பிடுங்க” என்று சொல்லிவிட்டு, கூப்பிட வேண்டியவர்கள் பெயரையும் அவனே தேடிக் கொடுத்திருக்கிறான்.

அதெல்லாம் பிற்பாடு. முதல் காட்சிக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எல்லோரையும் ஏற்றிக்கொண்டு விண்ட்ஹுக்குக்குத் திரும்பினேன். வழியில் ஒட்ஜிவரோங்கோவில் நிறுத்தி, எண்ணெயில் பொரித்த ரொட்டி சூடாக வாங்கிக் கொடுத்தேன். மக்ரீட்டா அடுத்த படத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தாள். “அதுல மாமா உங்களுக்கு...” என்றவள் அப்படியே தூங்கிப்போனாள், கையில் பாதி ரொட்டியோடு, வாய் கொஞ்சம் திறந்தபடி. நியோகாபி அவள் மேல் சாய்ந்து ஏற்கெனவே தூங்கியிருந்தாள். சில்வானா அந்த ரொட்டியை மெதுவாக உருவித் தான் தின்றுவிட்டு, கண்ணாடியில் என்னைப் பார்த்து, சொல்லாதே என்று விரலை உதட்டில் வைத்தாள்.

ரேடியோவைக் குறைத்தேன். ரோடு நேராகக் கிடந்தது. குண்டு குழி பார்த்து மெதுவாகவே ஓட்டினேன்.